படுக்க வைக்காத எட்டு நிமிடங்கள்

முதல் தடவையாகத் தேர்வாளர் நாற்காலியில் உட்காரப்போகும் இளம் மருத்துவர்கள் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி ஆறும்வரை ஒரே புலம்பல். "பசங்களுக்கு எல்லாம் தெரியுது மேடம். நேரத்துக்குள்ள முடிக்கத்தான் தெரியல" என்றீர்கள். அதற்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "சீக்கிரம் பண்ணு, சீக்கிரம் பண்ணுன்னு தினமும் சொல்றோம்" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று அரூர் பஸ்ஸில் கண்டக்டர் நாள் முழுக்கச் சொல்கிறார். அதற்காக யாரும் வேகமாக ஏறியதை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நீங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன். இப்போது யாரும் எழுந்து ஓட முடியாது என்பதால் எழுதுகிறேன். அமலாவின் கதை இது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒருத்தி தேறியதை நினைத்தால் மட்டும் இன்னும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நான் புடவை கட்டுகிறவள் என்பது வேறு விஷயம்.

தேர்வு முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிஜ நோயாளி, எதிரே இரண்டு தேர்வாளர்கள், சுவரில் ஒரு கேள்வி அட்டை. மாணவர் வந்து, அட்டையைப் படித்து, நோயாளியைப் பரிசோதித்து, கண்டதைச் சொல்ல வேண்டும். எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும். சொல்லி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அடுத்த கட்டிலுக்குப் போயே ஆக வேண்டும்.

அமலா காரிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஊரில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம், கொஞ்சம் ஆடுகள், ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில். எழுத்துத் தேர்வில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. செய்முறைத் தேர்வில் மட்டும் எந்தக் கட்டிலிலும் பாதி தாண்டவில்லை. நெஞ்சைப் பார் என்றால் முதுகுப் பக்கம் வருவதற்குள் மணி. காலைப் பார் என்றால் ஒரு கால் முடிந்ததும் மணி. முதல் முறை தோற்றாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வெள்ளைக் கோட்டில் பயிற்சி மருத்துவர்களாக வார்டுகளில் நடமாட, இவள் மறுதேர்வுக்குக் காத்திருந்தாள்.

ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், இந்தத் தடவையும் போச்சுன்னா நான் மறுபடி எழுதமாட்டேன். வூட்டுக்கே போயிடறேன்."

"போய்?"

"தெரியல மேடம். எங்கப்பா சந்தையில யாரப் பாத்தாலும் எம்பொண்ணு டாக்டராயிட்டான்னு சொல்லிட்டாரு. பொறவு இல்லைன்னு ஒருக்கா சொல்லியாச்சு. இன்னொருக்கா அவர அப்பிடிச் சொல்ல வெக்க முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டி அனுப்பியிருப்பேன். முடிவெடுத்துவிட்டவளின் நிதானத்தோடு சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. நல்ல மருத்துவர் ஒருத்தி எங்கள் கையைவிட்டுப் போகப்போகிறாள் என்று அப்போதே உறைத்தது.

அவளுக்குப் பாடம் நடத்தியவர்களைக் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டேன். எல்லாரும் ஒரே வார்த்தையில் "ஸ்லோ மேடம்" என்றார்கள். எங்கே ஸ்லோ என்று கேட்டால் மறுபடியும் "ஸ்லோ மேடம்"தான். சரி, நானே பார்க்கிறேன் என்று வகுப்பு முடிந்ததும் காலியாக இருந்த ஒரு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். "நான்தான் நோயாளி. எனக்கு மூச்சுத் திணறல். ஆரம்பி" என்றேன்.

அவள் கை வேகமாகத்தான் இருந்தது. தொட்ட இடத்தில் சரியாகத் தொட்டாள். ஆனால் என்னை உட்கார வைத்தாள், நாடி பார்த்தாள். படுக்க வைத்தாள், கழுத்து பார்த்தாள். உட்கார வைத்தாள், முதுகு பார்த்தாள். படுக்க வைத்தாள், நெஞ்சு பார்த்தாள். பாடப் புத்தகத்தில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில், ஒரு வரி பிசகாமல். என் முழங்கால்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நாலாவது முறை எழுப்பியபோது, "இதுக்கு மேல எழுப்பினே, நான் எந்திரிச்சு வூட்டுக்கே போயிடுவேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

நேரம் எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பரிசோதிப்பதில் போகவில்லை, நோயாளியைப் புரட்டுவதில் போகிறது. நம் பக்கத்துப் பெண்களை ஒருமுறை படுக்க வைப்பது என்றால் சும்மாவா? முந்தானையைச் சரி செய்வார்கள், கால் பக்கம் புடவையை இழுத்துவிடுவார்கள், கொண்டை அழுத்தாமல் தலையைத் திருப்பி வைப்பார்கள், "போதுங்களா?" என்று கேட்பார்கள். அதற்கே அரை நிமிடம் போய்விடும். அவர்களை அவசரப்படுத்தவும் கூடாது. அதனால் புத்தக வரிசையைத் தூக்கிப் போடச் சொன்னேன். உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்து முடி. அப்புறம் ஒரே ஒரு முறை படுக்க வை. படுத்த பிறகு மறுபடி எழுப்பாதே.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்டதைச் சொல்ல ஆரம்பிப்பாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கிறது, வாய் பேசும்போது கை சும்மா இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய் என்றேன். நாடியைப் பிடித்துக்கொண்டே நோயாளியைப் பேச வை. அவர் எத்தனை வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு விடுகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்தில் நன்றாகத் தேறிவந்தாள். ஆனாலும் கடைசியில் கொஞ்சம் இழுத்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டிலுக்கு வந்ததும் கால்மாட்டில் நின்று, கையைக் கூடத் தூக்காமல் நோயாளியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தை மிச்சம் பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"மொதல்ல நின்னு பாக்கணும்னு பாடத்துல இருக்கு, சரி. ஒரு பார்வை பார்த்தா போதும். இப்படி நின்னுட்டு இருக்காதே" என்றேன்.

"அத மட்டும் விடமாட்டேன் மேடம்."

என் பேச்சுக்கு அவள் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் முறை. ஏன் என்று கேட்டேன்.

"அப்பா சந்தையில ஆடு வாங்கறப்ப எடுத்ததும் தொடமாட்டாருங்க மேடம். தொட்டா அது சிலுத்துக்கும், பொறவு அதோட நெசமான நிலை தெரியாதும்பாரு. தள்ளி நின்னு, அது எப்பிடி நிக்குது, எந்தக் காலுக்குப் பாரம் குடுக்குதுன்னு பாத்துட்டுத்தான் கிட்டப் போவாரு."

"அடிப்பாவி, என் நோயாளிங்கள ஆட்டோட சேத்துட்டியா?"

"ஐயோ இல்லீங்க மேடம்!"

"சரி, நில்லு. ஆனா மிச்ச நேரத்த வேற எங்கயாவது கண்டுபிடி" என்று விட்டுவிட்டேன். அவளும் கண்டுபிடித்தாள். ஒருமுறை தொட்டு முடிவு செய்ததைச் சந்தேகப்பட்டு மறுபடி போய்த் தொடும் பழக்கம் அவளிடம் இருந்தது. அதை விட்டாள். எட்டு நிமிடத்துக்குள் முடிக்கவில்லை என்றாலும், ஏறக்குறைய மணியோடு சேர்ந்து முடிக்கும் அளவுக்கு வந்தாள்.

மறுதேர்வு நாள். வயிற்றைப் பரிசோதிக்கும் கட்டிலுக்கு நான் உள்தேர்வாளர். என்னோடு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர். நேரம் தவறாதவர், சிரிக்காதவர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும் என்பவர். கட்டிலில் மாதம்மாள். அரூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறவர். சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டு, ஈரல் வீங்கி, வயிற்றில் கொஞ்சம் நீர் கோத்து, மாத்திரைகளின் தயவில் தேறி, மறுநாள் வீட்டுக்குப் போவதாக இருந்தவர். தேர்வுக்கு வருகிறீர்களா என்று கேட்டதும், "புள்ளைங்க படிப்புக்குத் தானுங்களே, வாரேன்" என்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அட்டையில் ஒரே வரி: இவரது வயிற்றைப் பரிசோதித்துக் கண்டதைச் சொல்லவும்.

அமலாவுக்கு முன்னால் ஐந்தாறு மாணவர்கள் வந்து போனார்கள். எல்லாரும் மாதம்மாளை மட்டமாகப் படுக்க வைத்தார்கள். நீர் இருக்கிறதா என்று இடப்பக்கம் புரட்டினார்கள், வலப்பக்கம் புரட்டினார்கள். மாதம்மாளும் சிரித்த முகத்தோடு புரண்டு கொடுத்தார். பின்னால் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் கூட இல்லாமல் தானே புரண்டார். எங்கள் இருவரின் கண்ணும் மாணவர்களின் கைமேலேயே இருந்தது.

மணி அடித்தது. அமலா வந்தாள். அட்டையைப் படித்தாள். கால்மாட்டில் போய் நின்றாள்.

வெளித்தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நில்லு என்று அனுமதி கொடுத்தவளே நான்தான் என்றாலும், போதும், கையை வை என்று மனசுக்குள் கத்தினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மாதம்மாள் முந்தின மாணவர் போனதும் எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தார். தோள் இரண்டும் ஏறி இறங்கின. முகம் மட்டும் சிரித்தது.

"படுத்துக்கட்டுங்களா... கண்ணு?"

"வேண்டாங்கம்மா. அப்பிடியே உக்காந்திருங்க."

மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே கழுத்தைப் பார்த்தாள். "காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு இட்டிலிங்க... காப்பி... குடிச்சனுங்க."

"மாத்திரை?"

மாதம்மாள் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அமலா அவசரப்படுத்தவில்லை. முதுகுப் பக்கம் போய் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், "சொல்லுங்கம்மா, யாரும் வைய மாட்டாங்க" என்றாள்.

மாதம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காலை மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"நர்சம்மா குடுத்தாங்க... அது போட்டா... ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்குமுங்க. பரீச்சை நடுவுல... எந்திரிச்சுப் போனா... உங்களுக்கு மார்க்கு கொறஞ்சிருமேன்னு... பொறவு போட்டுக்கலாம்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பில் சேரும் நீரை வெளியே தள்ளுகிற மாத்திரை அது. அதைப் போடாமல், காலையிலிருந்து மட்டமாகப் படுத்துப் புரண்டுகொண்டிருக்கிறார். நான் எழப் போனேன். அதற்குள் வெளித்தேர்வாளர் கேட்டார்.

"உன் கேள்வி என்ன?"

"வயிறு சார்."

"நீ பார்க்கிறது?"

"நுரையீரல் சார். ரெண்டு அடிப்பக்கமும் நீர் சத்தம் கேக்குது. கழுத்து நரம்பு காது வரைக்கும் ஏறியிருக்கு. நாடி தாறுமாறா ஓடுது. இவங்களப் படுக்க வெச்சா மூச்சுத் திணறும் சார். படுக்க வைக்க மாட்டேன்."

குரல் நடுங்கியது. ஆனால் கடைசி மூன்று வார்த்தை நடுங்கவில்லை. பாருங்கள், ஒரே ஒரு முறை படுக்க வை என்பது நான் சொல்லிக் கொடுத்த பாடம். வயிற்றைப் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது புத்தகம். இரண்டையும் அவள் அந்தக் கணத்தில் ஒதுக்கிவைத்தாள். தோற்றால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னவள் அவள் என்பதை நினைவில் வையுங்கள். கேட்டதைச் செய்யாமல் இருப்பதற்கு அவளைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை.

விறுவிறுவென்று பக்கத்துக் காலிக் கட்டிலுக்குப் போனாள். இரண்டு தலையணைகளை எடுத்துவந்து, இருந்ததோடு சேர்த்து அடுக்கி, மாதம்மாளைச் சாய்ந்தாற்போல் உட்கார வைத்தாள். அப்படியே வைத்து வயிற்றில் கையை வைத்தாள். ஈரல் விளிம்பை ஒரே தொடுதலில் பிடித்தாள். மாதம்மாள் முகம் சுளித்ததைப் பார்த்துக் கையை எடுத்தாள். மறுபடி தொடவில்லை. கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஈரல் வீங்கி வலிக்குது சார். வயித்துல நீர் இருக்கலாம். புரட்டிப் பாக்கல, பாக்கவும் கூடாது. பிரச்சினை வயிறு இல்ல சார், இதயம். இவங்களுக்கு இப்பவே ஆக்சிஜனும் ஊசியும் வேணும். இவங்கள வெச்சுப் பரீட்சைய இதோட நிறுத்தணும்."

வெளித்தேர்வாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து வந்தார். தன் ஸ்டெதாஸ்கோப்பை மாதம்மாளின் முதுகில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஏற்கெனவே வார்டுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். சக்கர நாற்காலி வந்தது. அமலா மாதம்மாளைத் தோளோடு அணைத்து ஏற்றினாள். கால் வைக்கும் பலகையைச் சரி செய்தாள். முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் எடுத்து மடியில் வைத்தாள். நாற்காலி கதவைத் தாண்டிப் போனது.

அதற்கப்புறம்தான் மணி அடித்தது.

அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அமலா, டைம் முடிஞ்சுது" என்றேன்.

"நான் முடிச்சுட்டேனே மேடம்" என்றாள், என்னமோ அதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். மணிக்கு முன்னால் அவள் முடித்தது அதுதான் முதல் முறை. ஆனால் அது கடைசி முறை இல்லை. அன்றைக்கு மிச்சம் இருந்த அத்தனை கட்டிலிலும் மணிக்காகக் காத்து நின்றாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

வெளித்தேர்வாளர் மதிப்பெண் போடும் தாளில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"லிஸ்ட்படி பாத்தா பாதிக்கு மேல இவ செய்யவே இல்ல மேடம். மட்டமா படுக்க வெக்கல. புரட்டல. இவ செஞ்சதுக்கு இதுல இடமே இல்ல."

"மொத்தமா ஆள் எப்படின்னு கீழ ஒரு கட்டம் இருக்கே சார்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் காட்டமாகக் கேட்டது. "இந்த எட்டு நிமிஷத்துல நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அத எங்க எழுதப் போறீங்க?"

அவர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பேனாவைத் திறந்தார். அந்தக் கட்டத்தில் என்ன போட முடியுமோ அதிகபட்சமாக அதைப் போட்டார். "என் வீட்டுல யாருக்காவது மூச்சு வாங்கினா இந்தப் பொண்ணு டியூட்டில இருக்கணும்" என்றார்.

இப்போது உங்களுக்கு. நேரத்தை மிச்சப்படுத்துவது என்றால் எதையாவது வெட்டுவது என்று நினைக்கிறோம். எதை வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். நோயாளியைப் புரட்டுவதை வெட்டலாம், கை சும்மா நிற்கிற நேரத்தை வெட்டலாம், சந்தேகத்தில் திரும்பித் திரும்பித் தொடுவதை வெட்டலாம். முதலில் நின்று பார்க்கிறோமே, அதை வெட்டாதீர்கள். நான் வெட்டச் சொன்னதை ஒரு மாணவி கேட்காமல் போனதால் ஓர் உயிர் அன்று தப்பியது. தேர்வாளர்களாகப் போகிறவர்களே, நீங்களும் மாணவர் கையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஆண்டிலிருந்து எங்கள் கல்லூரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகளை மாற்றி மாற்றி அமர்த்தினோம். காலை மாத்திரையை எங்கள் கண்முன்னால் போட வைத்தோம். நடுவில் எழுந்து போனால் யாருக்கும் மார்க் குறையாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொன்னோம். நம் ஊர் ஜனங்கள் பிள்ளைகள் படிப்பு என்றால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதம்மாளுக்கு அன்று சாயந்திரமே மூச்சு சீரானது. நான் பார்க்கப் போனபோது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பக்கத்துக் கட்டில்காரரிடம் மரவள்ளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு நான் படுத்துக் குடுக்காமப் போயிட்டனுங்க டாக்டரம்மா. மத்த புள்ளைங்களுக்கெல்லாம் நல்லாப் பொரண்டு குடுத்தேன். அதுக்கு மட்டும் மார்க்கு போயிருக்குமுங்களா?"

ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்றேன். இதயத்தை நன்றாகச் சரி செய்துவிட்டுத்தான் அனுப்புவது என்று அவரை வார்டிலேயே வைத்திருந்தோம். ரிசல்ட் வந்த அன்று அமலாவின் அப்பா காரிமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். அமலா அவரைக் கூட்டிக்கொண்டு நேராக மாதம்மாளிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். எப்படிப் போகாமல் இருக்க முடியும்?

"பாஸாயிட்டேங்கம்மா" என்றாள் அமலா.

மாதம்மாள் அவள் கன்னம் இரண்டையும் பிடித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர் வரிசைக் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும்படி, ஒரே மூச்சில், நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் கத்தினார்:

"நான் படுக்காமலேயே இந்தப் புள்ள பாசாயிருச்சுங்கடி! எம்புள்ள டாக்டராயிட்டா!"

அமலாவின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எம்புள்ளைங்க அது" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. அமலா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை மாதம்மாள் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததை, கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.